மெல்லும் முன் உறையைப் படியுங்கள்: சூயிங் கம்மில் இருப்பவை என்ன?

திருமுருகன்பூண்டியில் சிற்பக் கூடங்களும் பனியன் நிறுவனங்களும் அருகருகே இயங்குகின்றன. இரண்டுக்கும் பக்கத்தில் உள்ள பெட்டிக்கடைகளின் ஜாடிகளில் சூயிங் கம்முக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. நைட் ஷிப்டில் தூக்கத்தை விரட்டவும், சாப்பிட்ட பின் வாய் மணக்கவும், பீடியின் நினைப்பை மாற்றவும், அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தவும் அதை வாங்குகிறோம். நோயாளியைப் பார்க்க வருவோரின் சட்டைப் பையில் அது மருத்துவமனைக்குள்ளும் வந்துவிடுகிறது.

அதோடு சில கேள்விகளும் வருகின்றன. குழந்தை விழுங்கிவிட்டால் குடலில் ஒட்டிக்கொள்ளுமா? சர்க்கரை நோயாளி மெல்லலாமா? நாளை அறுவை சிகிச்சை என்றால் இன்று மெல்லலாமா? புகையிலைப் பழக்கத்தை விட உதவும் கம் என்கிறார்களே, அது எது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை காண, அந்தச் சிறு துண்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

சப்போட்டா மரத்தின் பால்

நம் தோட்டங்களில் வளரும் சப்போட்டா மரத்துக்கும் சூயிங் கம்முக்கும் நெருங்கிய உறவு உண்டு. சப்போட்டாக் காயைப் பறிக்கும்போது காம்பில் வெண்ணிறப் பால் கசிவதைக் கண்டிருப்பீர்கள். சரியாகக் கனியாத பழத்தைக் கடித்தால் உதடு பிசுபிசுக்கும். நவீன சூயிங் கம் பிறந்தது அந்தப் பாலிலிருந்துதான்.

சப்போட்டாவின் தாயகம் தெற்கு மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். அங்கு வாழ்ந்த மாயா, அஸ்டெக் மக்கள் அம்மரத்தின் பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கி மென்றனர். அதற்குச் சிக்லே என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதுபோல, அங்கே சப்போட்டா மரத்தின் பட்டையில் குறுக்கும் மறுக்குமாகக் கீறிப் பால் வடிப்பார்கள். பிறகு நீர் வற்றும்வரை காய்ச்சிப் பாளங்களாக வார்ப்பார்கள்.

1860களின் இறுதியில், நாடு கடந்து வாழ்ந்த மெக்சிகோவின் முன்னாள் அதிபர் சாந்தா அன்னா வழியாக இந்தச் சிக்லே நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஆடம்ஸ் என்பவரின் கைக்கு வந்தது. ரப்பருக்கு மாற்றாக இதைக் கொண்டு பொம்மையும் காலணியும் செய்ய முயன்று ஆடம்ஸ் தோற்றார். இறுதியில் மெல்லும் பொருளாக விற்றார், அது வென்றது. 1871இல் அதைச் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமையும் பெற்றார்.

மெல்லும் வழக்கமோ இதைவிட மிகப் பழையது. டென்மார்க்கில் கிடைத்த 5,700 ஆண்டுப் பழமையான பிர்ச் மரப் பிசின் துண்டு ஒன்றிலிருந்து, அதை மென்ற பெண்ணின் முழு மரபணுத் தொகுதியையும் ஆய்வாளர்கள் 2019இல் படித்தறிந்தனர். நம் வீடுகளிலும் இதற்கு ஓர் இணை உண்டு. ரேஷன் கோதுமையை ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டு நெடுநேரம் மென்றால், மாவெல்லாம் கரைந்துபோய் இழுபடும் பசை ஒன்று எஞ்சும். குளூட்டன் என்னும் புரதமே அந்தப் பசை. பலருக்கும் சிறுவயதில் காசில்லாமல் கிடைத்த பபிள் கம் அதுதான்.

நம் பகுதியில் சப்போட்டா பழத்துக்காகவே வளர்க்கப்படுகிறது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 முதலிய ரகங்கள் பழத்தின் விளைச்சலுக்கும் சுவைக்கும் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. இன்று கடையில் கிடைக்கும் சூயிங் கம் எதிலும் பெரும்பாலும் சப்போட்டாப் பால் இல்லை. அதன் இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டது.

பனியன் துணியில் லைக்ரா போல

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களின் உணவுப் பொட்டலத்தில் சூயிங் கம்மும் இருந்தது. பெருகிய தேவைக்கு மரப்பால் ஈடுகொடுக்கவில்லை. எனவே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உற்பத்தியாளர்கள் செயற்கைப் பசைக்கு மாறினர்.

எந்தச் சூயிங் கம்மையும் இரு பகுதிகளாகப் பிரிக்கலாம். எவ்வளவு மென்றாலும் கரையாத பகுதி ஒன்று; உமிழ்நீரில் கரைந்து உள்ளே செல்லும் பகுதி மற்றொன்று. கரையாத பகுதியை உறையில் 'கம் பேஸ்' என்று குறிப்பிடுகிறார்கள். இதைப் பசை அடிப்படை எனலாம். பொதுவாக மொத்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு இதுவே.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அமைப்பை எளிதில் விளக்கிவிடலாம். பருத்தி நூலுடன் லைக்ரா சேர்த்தால் துணி இழுபட்டு மீள்கிறது. அதுபோல இழுபடும் தன்மைக்காகப் பியூட்டைல் ரப்பர், பாலிஐசோபியூட்டிலீன் போன்றவை பசை அடிப்படையில் சேர்க்கப்படுகின்றன. உருக்கொடுக்கவும் குமிழி ஊதவும் பாலிவினைல் அசிட்டேட் உதவுகிறது. மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையும் இதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் உணவுக்கு உரிய தூய்மையில் தயாரித்ததையே இங்குச் சேர்க்கிறார்கள். மென்மைக்காக மெழுகும் தாவர எண்ணெய்ப் பொருள்களும் பைன் மரப் பிசினிலிருந்து பெறும் பொருள்களும் சேர்கின்றன. கனம் கொடுக்கச் சுண்ணாம்புக்கல் பொடியோ மாவுக்கல் பொடியோ கலக்கப்படுகிறது. மாவுக்கல் என்றால் என்னவென்று திருமுருகன்பூண்டிச் சிற்பிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுள் பலவும் பெட்ரோலிய வழிப் பொருள்கள் என்றதும் அச்சம் எழலாம். உணவில் எவற்றைச் சேர்க்கலாம் என்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரையறுக்கிறது. பசை அடிப்படை செரிமானமாவதில்லை. மென்ற பின் துப்பிவிடுகிறோம். எனினும் ஒரு குறை உண்டு. பசை அடிப்படையில் எதெது இருக்கிறது என்று உறையில் தனித்தனியாக எழுதுவதில்லை. 'கம் பேஸ்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

2025 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் ஒரு முன்னோட்ட ஆய்வை வெளியிட்டனர். பத்து வகைக் கம்களை மென்று உமிழ்நீரைச் சோதித்ததில், ஒரு கிராம் கம்மிலிருந்து சராசரியாக 100 நுண்நெகிழித் துகள்கள் வெளிவந்தன. சிலவற்றில் 600 வரை இருந்தன. இயற்கைப் பசை என்று விற்கப்பட்டவற்றிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இவற்றை மென்றவர் ஒரே ஒருவர். இதனால் உடலுக்குக் கேடு என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆயினும் நாள் முழுதும் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லும் பழக்கமுள்ளோர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள இது போதுமான காரணம்.

பசை அடிப்படை நீரில் கரையாது, எண்ணெயில் இளகும். கடலை மிட்டாயோடு சேர்த்து மென்றால் கம் உதிர்ந்துபோவது இதனால்தான். குழந்தையின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டால் கத்தரிக்கோலைத் தேடாமல் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து எடுக்கலாம். பனியன் துணியில் ஒட்டினால் பனிக்கட்டி வைத்து இறுகச் செய்து உரித்தெடுக்கலாம்.

சுவை தரும் பகுதி: உறையில் காண வேண்டியவை

கரையும் பகுதியே நம் உடலுக்குள் செல்வது. நோயாளரும் உடனிருப்போரும் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

சாதாரணக் கம்மில் பெரும்பங்கு சர்க்கரையும் குளுக்கோஸ் பாகுமே. மெல்லத் தொடங்கிய சில நிமிடங்களில் இனிப்பு முழுவதும் கரைந்துவிடுவதால்தான் கம் சுவையற்றுப் போகிறது. கரைந்த சர்க்கரை பல்லிடுக்குகளில் தங்கிச் சொத்தைக்கு வழிவகுக்கும்.

'சுகர் ஃப்ரீ' கம்மில் சர்க்கரைக்குப் பதிலாகச் சார்பிட்டால் (எண் 420), மால்டிட்டால் (965), சைலிட்டால் (967) போன்ற சர்க்கரை ஆல்கஹால்களும், அஸ்பார்டேம் (951), சுக்ரலோஸ் (955) போன்ற செயற்கை இனிப்புகளும் இருக்கும். உறையில் பெயருக்குப் பதிலாக இந்த எண்கள் மட்டும் அச்சாகியிருப்பதும் உண்டு. பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் இவற்றால் போதை ஏற்படாது. ஆனால் அளவு மீறினால் வயிறு உப்பும், பேதியாகும். ஏற்கெனவே வயிற்றுப்போக்கு உள்ளவர்களும் எரிச்சல் மிகு குடல் உள்ளவர்களும் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

சைலிட்டால் பல் சொத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாவதில்லை. 1970களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஆய்வுகளே இதை உலகறியச் செய்தன. ஓர் எச்சரிக்கை: மனிதருக்குத் தீங்கற்ற சைலிட்டால் நாய்களுக்கு நஞ்சு. அது நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென வீழ்த்திவிடும். வீட்டில் நாய் வளர்ப்போர் அது எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

அஸ்பார்டேம் குறித்து 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் இரு குழுக்கள் கருத்து வெளியிட்டன. புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் குழுவோ, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. ஓரிரு கம் மெல்வோர் இந்த வரம்பை நெருங்கவே மாட்டார்கள். ஆனால் பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

சைவ உணவு மட்டும் உண்போர் பச்சை வட்டக் குறியைப் பார்த்து வாங்குங்கள். சில கம்களில் விலங்குப் பொருளான ஜெலட்டின் சேர்க்கப்படுவது உண்டு.

விழுங்கிவிட்டால்

விழுங்கிய கம் ஏழு ஆண்டுகள் வயிற்றில் தங்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. அது உண்மையன்று. இனிப்பும் நறுமணமும் செரித்துவிடும். பசை அடிப்படை செரிக்காமல், தக்காளித் தோலும் சில விதைகளும் வெளியேறுவதுபோலச் சில நாட்களில் மலத்தோடு வெளியேறிவிடும். குடல் சுவரில் எப்போதும் ஈரமும் சளிப்படலமும் இருப்பதால் அது அங்கே ஒட்டிக்கொள்வதில்லை. எனவே குழந்தை ஒரு துண்டை விழுங்கிவிட்டால் அடிக்கவோ, விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்கவோ வேண்டாம்.

ஆனால் நாள்தோறும் விழுங்குவது வேறு. 1998இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழான 'பீடியாட்ரிக்ஸ்' சில சிறு குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. வழக்கமாகக் கம்மை விழுங்கிவந்ததால் அது உள்ளே கட்டியாகத் திரண்டு அடைத்துக்கொண்டது. மருத்துவர்கள் அதை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. மென்ற பின் துப்பத் தெரியாத குழந்தைக்குக் கம் கொடுக்கலாகாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது மூச்சுக்குழாயில் சிக்கும் அபாயமும் உண்டு. விழுங்கிய பின் இடைவிடாத இருமல், மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி இவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

நம் ஊர்த் திருவிழாக்களில் விற்கும் ஜவ்வு மிட்டாயும் இழுபடும். ஆனால் அது சர்க்கரைப் பாகினால் ஆனது. வாயிலேயே முழுவதும் கரைந்துவிடும். இரண்டும் ஒன்றே என்று குழந்தை நினைப்பது இயல்பு. வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பது பெரியவர் கடமை.

அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

மயக்க மருந்து கொடுக்கும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே உணவை நிறுத்தச் சொல்கிறோம். "சாப்பிடத்தானே கூடாது, மென்றால் என்ன?" என்று சிலர் வாய் வறட்சிக்காகக் கம் மெல்கிறார்கள். மெல்லும்போது உமிழ்நீரும் இரைப்பை நீரும் சுரக்கின்றன. வாயில் கம் இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுக்கப்பட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். ஆகையால் உண்ணாநிலை தொடங்கியதும் கம்மையும் நிறுத்துங்கள். மறந்து மென்றுவிட்டால் மறைக்காதீர்கள். துப்பிவிட்டு, செவிலியரிடமோ மயக்கவியல் மருத்துவரிடமோ சொல்லுங்கள். விழுங்கிவிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சொல்வதால் சிகிச்சை தள்ளிப்போயே தீரும் என்பதில்லை, மறைப்பதுதான் ஆபத்து.

அறுவைக்குப் பின் நிலைமை மாறுகிறது. வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் சிறிது காலம் அசைவற்றிருக்கும். வாயு பிரிந்ததா என்று மருத்துவர் நாள்தோறும் கேட்பது இதனால்தான். மெல்லும்போது, உணவு வருகிறது என்று மூளை குடலுக்குச் செய்தி அனுப்புகிறது. இதைப் பயன்படுத்திக் குடலை விரைவில் இயங்கச் செய்யலாமா என்று பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். 2015இல் காக்ரேன் அமைப்பு 81 ஆய்வுகளையும் 9,072 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்தது. சிறிய பயன் இருப்பதாகத் தெரிந்தாலும் ஆய்வுகளின் தரம் குறைவு என்று அது கூறியது. சிசேரியன் முடிந்த தாய்மார்களைப் பற்றி 2016இல் வந்த தொகுப்பில், கம் மென்றவர்களுக்கு வாயு பிரிதல் சராசரியாக 7 மணி நேரம் முன்னதாக நிகழ்ந்தது.

இதைப் படித்துவிட்டு நீங்களாகவே நோயாளிக்குக் கம் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். மயக்கம் முழுமையாகத் தெளிந்திருக்க வேண்டும். விழுங்கும் திறன் சரியாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட அறுவைக்கு அது ஏற்றதாகவும் இருக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே கொடுங்கள். பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுவோருக்கும், அரைத் தூக்கத்தில் இருப்போருக்கும், தொண்டையில் குழாய் பொருத்தப்பட்டோருக்கும் எக்காரணம் கொண்டும் கொடுக்கலாகாது.

சர்க்கரை நோயும் வாய் வறட்சியும்

சர்க்கரை நோயாளர் 'சுகர் ஃப்ரீ' கம் ஒன்றிரண்டை மெல்வதால் இரத்தச் சர்க்கரை பெரிதாக உயராது. ஆனால் இதன் மறுபக்கத்தை உடனிருப்போர் மறந்துவிடக் கூடாது. இன்சுலின் போட்டவருக்குச் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி வியர்க்கும்போது, கையில் கிடைத்த கம்மைக் கொடுத்துப் பயனில்லை. சுகர் ஃப்ரீ கம்மில் உயிர் காக்கும் சர்க்கரை இல்லை; சாதாரணக் கம்மிலும் அது போதிய அளவில் இல்லை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ நீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். நினைவிழந்தவருக்கு வாய் வழியே எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

சில மாத்திரைகளாலும், தலை, கழுத்துப் பகுதிக் கதிர்வீச்சாலும் உமிழ்நீர் குறைவோர் பலர். உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஓரளவேனும் இயங்கினால், சர்க்கரையற்ற கம் மெல்வது சுரப்பைத் தூண்டும். உணவுக்குப் பின் 20 நிமிடம் மெல்வது பற்களைத் தாக்கும் அமிலத்தைத் தணிக்கவும் உதவும். அது பல் துலக்குவதற்கு மாற்றாகாது. வாயில் புண் இருந்தால் புதினாச் சுவை எரிச்சல் தரும். தாடை மூட்டில் வலியோ 'கிளிக்' என்ற ஒலியோ இருந்தாலும், பற்களில் கம்பி கட்டியிருந்தாலும், கழற்றி மாட்டும் பல்செட் அணிந்திருந்தாலும் கம்மைத் தவிர்ப்பதே நலம்.

மருந்தாகும் கம்

2016-17இல் நடந்த புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார். குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. இருந்தும், நீண்ட ஷிப்டுகளில் நின்று வேலை செய்வோரிடமும், ஊர்விட்டு வந்து விடுதிகளில் தங்கியிருப்போரிடமும், பள்ளி மாணவரிடமும்கூட இப்பழக்கம் புகுந்துவிடுகிறது. புகையிலைத் தூளடங்கிய சிறு பையை உதட்டுக்கடியில் அடக்கிக்கொள்வது ஒரு புதிய வடிவம். புதினா மணம் வீசுவதால் அதைச் சூயிங் கம் என்று பெற்றோர் நம்பிவிடலாம்.

மெல்லும் பொருள்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். உள்ளே இருப்பவை வேறு. புகையிலை கலவாத பாக்கும் பாதுகாப்பானதன்று. 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இறுகிப்போகும் நோய்க்கும் பாக்குதான் காரணம். வாயில் ஆறாத புண், வெண்படலம், செந்நிறத் திட்டு இவை இரு வாரங்களுக்கு மேல் இருந்தால் காத்திருக்காதீர்கள்.

புகையிலையை விட விரும்புவோருக்கு நிக்கோட்டின் கம் என்னும் மருந்து உண்டு. நீர்மூழ்கிக் கப்பலில் புகைபிடிக்க முடியாத மாலுமிகள் மெல்லும் புகையிலைக்கு மாறுவதைக் கண்ட சுவீடன் நாட்டு மருத்துவர் ஒருவரின் யோசனையை, 1960களின் இறுதியில் ஓவே ஃபெர்னோ என்னும் வேதியியலாளர் மருந்தாக உருவாக்கத் தொடங்கினார். அமெரிக்கா 1984இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. நிக்கோட்டினை ஒரு பிசினோடு பிணைத்துப் பசை அடிப்படைக்குள் வைத்திருப்பதால், மெல்ல மெல்ல அது சிறிது சிறிதாக வெளிவருகிறது. புகையிலும் குட்காவிலும் உள்ள புற்றுநோய்ப் பொருள்கள் இதில் இல்லை. 2018இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பின்படி, நிக்கோட்டின் மாற்று மருந்துகள் புகைப்பழக்கத்தை விடும் வாய்ப்பை 50 முதல் 60 விழுக்காடு உயர்த்துகின்றன. மெல்லும் புகையிலையை விடுவோருக்கு மருந்தைவிட ஆலோசனையின் பங்கே பெரிது.

இதைச் சாதாரணக் கம் போல மெல்லக் கூடாது. பலர் "போட்டுப் பார்த்தேன், விக்கல்தான் வந்தது" என்று கைவிடுவது முறை தெரியாததால்தான். மெதுவாக மெல்லுங்கள். மிளகுக் காரம் போன்ற சுவை தோன்றியதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மீண்டும் மெல்லுங்கள். இவ்வாறு ஏறத்தாழ 30 நிமிடம். மருந்து வாயின் உட்தோல் வழியே உறிஞ்சப்பட வேண்டும். உமிழ்நீரோடு விழுங்கிவிட்டால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காபி, பழச்சாறு, சோடா போன்றவற்றை 15 நிமிடம் முன்பிருந்தே தவிர்க்க வேண்டும். அவற்றின் அமிலம் மருந்தை உறிஞ்சவிடாது.

2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரு அளவுகள் உண்டு. காலையில் கண்விழித்த அரை மணி நேரத்துக்குள் புகைபிடிப்பவருக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். வழக்கமாக 12 வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அளவையும் காலத்தையும் மருத்துவரே முடிவு செய்வார். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு இது நஞ்சு. மிட்டாய் என்று எண்ணி எடுத்துவிடாதபடி பூட்டி வையுங்கள்.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூர் இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. மென்ற கம்மை விரைவு ரயிலின் கதவுகளில் ஒட்டியதால் ரயில்கள் நின்றன. 1992இல் கம் விற்பனைக்கே அந்நாடு தடை விதித்தது. 2004இல் நிக்கோட்டின் கம், பல் நலக் கம் போன்ற மருத்துவப் பயனுள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. மிட்டாயாக நுழைய முடியாத கம், மருந்தாக நுழைந்தது.

நம் வார்டுகளிலும் லிஃப்டிலும் இருக்கைகளின் அடியிலும் கம்மை ஒட்டாதீர்கள். அதைச் சுரண்டி எடுப்பவர் ஒரு துப்புரவுப் பணியாளர். உறைத்தாளில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

நினைவில் கொள்ள

• ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கம் வேண்டாம். ஒருமுறை விழுங்கிவிட்டால் பதற வேண்டாம்.

• உண்ணாநிலையில் கம்மும் கூடாது. மென்றிருந்தால் சொல்லிவிடுங்கள்.

• அறுவைக்குப் பின் மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே கம்.

• சர்க்கரை தாழ்ந்தால் கம் உதவாது. சர்க்கரை நீர் கொடுங்கள்.

• வாங்கும் முன் உறையைப் படியுங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் மருந்தகப் பணியாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

• பிள்ளைகளின் பையில் புதினா மணமுள்ள சிறு பைகளைக் கண்டால் கோபப்படும் முன் பேசுங்கள். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

• புகையிலையை விட உதவும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800-11-2356.

இவற்றுள் எதிலேனும் ஐயம் இருந்தால், மருத்துவர் சுற்றுக்கு வரும்போதோ உங்கள் வார்டு செவிலியரிடமோ தயங்காமல் கேளுங்கள். வாயில் போடும் எதைப் பற்றியும் மருத்துவமனையில் கேட்கலாம். அது சிறிய கேள்வியன்று.